எங்கு வேண்டுமானாலும் போகத் தயார்

செப்டம்பர் 21

மன்னிக்க வேண்டும், இவ்வளவு நேரம் கழித்துத்தான் எழுத முடிகிறது. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் மகள் மேவ் தூங்க வேண்டுமானால் என் காதுமடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டரை வயதுப் பிடி, லேசில் விடாது. காதை மீட்டுக்கொண்டு வந்து, திரவ இயக்கவியல் கணக்கைப் போட்டு முடித்து, டப்பாப் பால் ஊற்றிய தேநீரோடு உட்காரும்போது தெருவில் விளக்கு எரிகிற வீடு இது ஒன்றுதான்.

இன்று வேலைப் பருவத்துக்கான கூட்டம். நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை, மறுபடி வகுப்பு. எங்கள் பொறியியல் படிப்பே இப்படித்தான். கோ-ஆப் என்று பெயர். கூட்டத்தை நடத்தியவள் ஷெல்பி, பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு வேலை பிடித்துத் தருவதற்கென்று வைத்திருக்கிற ஒருங்கிணைப்பாளர். அவள் பேச்சில் முற்றுப்புள்ளி கிடையாது. எல்லாம் ஆச்சரியக்குறி.

"இது வெறும் வேலை இல்ல பசங்களா, உங்க கதையோட அடுத்த அத்தியாயம்!"

என் கதையின் அடுத்த அத்தியாயத்தில் குழந்தைக் காப்பகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறது, ஷெல்பி. அதற்கு ஏதாவது வைத்திருக்கிறாயா?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை செயின்ட் ஜான்ஸ் நகருக்குள்ளேயே வேலை. மேவின் அப்பா டுவேன் நாட்டின் மேற்குக் கோடியில், ஆல்பர்ட்டாவில், எண்ணெய் ஆலையில் குழாய் பொருத்துகிறான் — மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. என் அம்மாவும் அந்தப் பக்கம்தான், ஒரு தொழிலாளர் முகாமில் சமைக்கிறாள். ஆக மேவுக்கு இங்கே நான் ஒருத்திதான். ஒரு வேலைப் பருவம் தவறினால் ஒரு வருடம் இறங்கிக் கீழ் வகுப்போடு சேர வேண்டும். மேவ் பிறந்தபோது அப்படி ஒரு முறை இறங்கியாயிற்று. இரண்டாவது முறை இறங்க விதியில் இடமில்லை. வீட்டுக்குப் போ என்றுவிடுவார்கள்.

நாலு வருடம் பாடுபட்ட பிறகு வீட்டுக்குப் போ. வீட்டிலிருந்துதானே வந்தேன்.

செப்டம்பர் 25

காப்பகத்திலிருந்து பெவர்லியின் செய்தி: மேவ் ஒரு பையனைக் கடித்துவிட்டாளாம். ஏன் கடித்தாய் என்று கேட்டால், "அவன் பாடினான்" என்கிறாள்.

எனக்குப் புரிகிறது.

அக்டோபர் 2

ஒத்திகை நேர்காணல். ஷெல்பியின் அறை முழுக்கச் செடிகள், எல்லாம் பிளாஸ்டிக். என் பயோடேட்டாவை விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள்.

"இந்த ஒரு வருஷம் காலியா இருக்கே, ட்ரீனா?"

"குழந்தை பெத்தேன்."

"அருமை! ஆனா அதையே வேற மாதிரிச் சொல்லலாமே. 'நீண்டகாலத் திட்டம் ஒன்றைத் தனியாக வழிநடத்தினேன்'! எப்படி?"

அந்த நீண்டகாலத் திட்டம் காலையில்தான் என் ஒரே நல்ல சட்டையில் வாந்தியெடுத்திருந்தது.

"குழந்தை இருக்குன்னு நேர்காணல்ல சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அவங்க கேக்கவும் கூடாது. அதனால..." தோளைக் குலுக்கினாள். "வேற ஊருக்குப் போவியான்னு கேட்டா மட்டும் தயங்கிடாதே! 'எங்கு வேண்டுமானாலும் போகத் தயார்'. மூச்சு விடாம வரணும். தயங்கினா வரிசையில கீழ போயிடுவே!"

எங்கள் வகுப்பில் எல்லோரும் இதை ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். லாப்ரடாரில் இரும்புச் சுரங்கமா? தயார். நடுக்கடலில் எண்ணெய் மேடையா? தயார். போன குளிர்காலத்தில் பேருந்து தாமதமானதற்குப் பல்கலைக்கழகத்துக்கே புகார் எழுதியவர்கள் இவர்கள். போக ஒருவனுக்கும் மனமில்லை என்பது கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்பார்கள், நாங்கள் சொல்வோம், இரண்டு தரப்பும் நம்பியதாகக் குறித்துக்கொள்வோம். இதற்குப் பெயர் தொழில்முறைப் பண்பு.

நானும் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வருகிறது.

அக்டோபர் 11

குழுத் திட்டம் என்று வரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கொட்டகைக்குள் என் வகுப்புப் பையன்கள் கான்கிரீட்டில் சறுக்குவண்டி செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் பொறியியல் மாணவர்கள் கான்கிரீட்டில் சறுக்குவண்டி வார்த்து, அதில் ஐந்து பேர் உட்கார்ந்து, பனி மலையிலிருந்து உருண்டு, எலும்பை முறித்துக்கொண்டு திரும்புவார்கள். நாட்டின் பாலங்களை நாளைக்கு இவர்கள் கையில்தான் கொடுக்கப்போகிறோம்.

தலைவன் ஜேரட். இருபது வயது. போன வாரக் கொண்டாட்டத்தில் உடம்பு முழுக்க ஊதாச் சாயம் பூசிக்கொண்டான், அதுவும் இவர்களுடைய வழக்கம். மற்றதெல்லாம் கழுவியதில் போய்விட்டது, காது மட்டும் போகவில்லை. இரண்டு கத்தரிக்காய் ஒட்டிவைத்தது போல இருக்கிறான்.

"வா அம்மணி! உன் பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, முன்னாடி உக்கார வெச்சிருப்போம்," என்றான். வகுப்பில் நான் எல்லோரையும் விட ஆறு வயது மூத்தவள். அதனால் எல்லோருக்கும் அம்மணி.

"அவ கடிப்பா."

"கான்கிரீட்டையுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவர்களுக்கு எதற்கும் சிரிப்பு வரும். வீட்டுக்குப் போனால் அம்மா சமைத்து வைத்திருக்கிற பிள்ளைகளின் சிரிப்பு.

அக்டோபர் 17

நேர்காணல்.

படகுத்துறைகளை வடிவமைத்துக் கட்டவைக்கிற சின்ன நிறுவனம். அலுவலகம் துறைமுகத்தை ஒட்டி, பெவர்லியின் காப்பகத்திலிருந்து நடக்கிற தூரம். விளம்பரத்தில் 'வேலையிடம்: செயின்ட் ஜான்ஸ், தேவைக்கேற்பப் பிற இடங்கள்' என்று இருந்தது. எல்லா விளம்பரத்திலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு பேரை எடுக்கிறார்கள். அதில் ஒருத்தி நானாகத்தான் இருக்க வேண்டும். வேண்டும், வேண்டும்.

எனக்கு முந்தின ஆள் ஜேரட். ஊதாக் காதுகளோடு வெளியே வந்தான்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் போச்சு அம்மணி. வெளியூர் போவியான்னு கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன்."

"முடியாதுன்னா?"

"டஃபிக்கு வலிப்பு வருதில்ல. காலைல ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. என் கையால குடுத்தாத்தான் முழுங்குவான். அதைச் சொன்னேன்."

"நேர்காணல்ல நாயைப் பத்தியாடா பேசினே?"

"போட்டோவும் காட்டினேன்."

ஒரு ஆள் குறைந்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மார்லீன் ஹைன்ஸ். ஐம்பது வயதிருக்கும், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை, சுண்டுவிரலில் இரும்பு மோதிரம். படிப்பை முடித்த பொறியாளர்கள் எல்லோரும் போட்டுக்கொள்கிற மோதிரம்தான். அதை மேசையில் தட்டித் தட்டிப் பேசினாள். மேசையைத் தட்டுவதற்கென்றே இவர்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள் போல.

"துறைன்னா என்ன? பெரிய மரக்கூண்டுகளைக் கடல்ல இறக்கி, உள்ள கல்லை ரொப்பி, மேல பலகை போடறோம். ஒப்பந்தக்காரன் லாரி நிறையக் கல்லு கொண்டாறான். பாதி சின்னக் கல்லு. ரெண்டு புயல் அடிச்சா இடுக்கு வழியா ஓடிரும். 'இருபது வருஷமா இதைத்தான் போடறோம் கண்ணு'ங்கிறான். நீ என்ன செய்வே?"

"திருப்பி அள்ளச் சொல்வேன்."

"மாட்டேன்னா?"

"அள்ளற வரைக்கும் அங்கேயே நிப்பேன்."

ஏதோ எழுதிக்கொண்டாள். பிறகு அந்தக் காலியான வருடம். "மேற்கே போயிருந்தேன்," என்றேன். இந்தத் தீவில் மேற்கே போயிருந்தேன் என்றால் அடுத்த கேள்வி கிடையாது. பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். பொய்யுமில்லை, மேவ் வயிற்றில் இருந்தபோது டுவேனைப் பார்க்க ஒரு வாரம் போயிருந்தேன்.

"ஊரை விட்டுப் போக வேண்டி வந்தா?"

"எங்க வேணும்னாலும் போகத் தயார்."

மூச்சு விடவில்லை.

அக்டோபர் 19

இன்று வரிசைப்படுத்தும் நாள். எங்களை நேர்கண்ட கம்பெனிகளுக்கு நாங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட வேண்டும். கம்பெனிகள் எங்களுக்கு எண் போடும். கணினி இரண்டையும் கூட்டி, குறைந்த தொகை வருகிற ஜோடிகளைச் சேர்த்துவைக்கும். கல்யாணத் தரகர் வேலை. தரகராவது இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு நல்ல வார்த்தை சொல்வார். சேர்த்துவைத்த பிறகு மறுக்க முடியாது. மறுத்தால் அந்தப் பருவம் தோல்வி.

மார்லீனுக்கு ஒன்று. சாலைத்துறைக்கு இரண்டு. லாப்ரடார் சுரங்கத்துக்குக் கடைசி எண். சுரங்கக்காரன் என்னிடம், "நாங்க இங்க ஒரே குடும்பம் மாதிரி," என்றான். குடும்பத்தை வர விடாத இடத்தில்தான் இதைச் சொல்வார்கள்.

அக்டோபர் 27

கிடைத்துவிட்டது!

மார்லீனிடமேதான். காப்பகத்திலிருந்து நடக்கிற தூரம்! மேவைத் தூக்கிச் சுற்றினேன். பொரித்த மீன் வாங்கினேன். அவள் மேலே இருக்கிற மொறுமொறுப்பை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மீனை என் பக்கம் தள்ளினாள்.

இன்னொரு இடம் யாருக்கு? ஜேரட்டுக்கு. வலிப்பு நாய், கத்தரிக்காய்க் காது, போட்டோ வேறு — அவனுக்கு! அந்த அம்மாவின் தரம் அவ்வளவுதான். சந்தோஷத்தில் பாதி போய்விட்டது.

நவம்பர் 5

இடைத்தேர்வு. தண்ணீர் குழாய்க்குள் எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தவிர மற்றதெல்லாம் எழுதினேன்.

நவம்பர் 14

யாருக்கு எந்த இடம் என்று நிறுவனத்திலிருந்து வந்துவிட்டது.

ஜேரட் செயின்ட் ஜான்ஸ் அலுவலகம். நான் ஸ்னெல் கோவ்.

ஸ்னெல் கோவ்! நாள் முழுக்கக் காரோட்டி, கடைசியில் படகேறிப் போக வேண்டிய ஊர். மூடுபனி தின்று துப்பிய பத்து இருபது வீடு. நண்டுப் பருவம் தொடங்கறதுக்குள்ள அங்க துறையைப் புதுப்பிக்கணுமாம். குளிர்காலம் முழுக்க அங்கயே தங்கி மேற்பார்வை பார்க்கணுமாம். 'வேறு ஊருக்குச் செல்வதில் நீங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி'ன்னு ஒரு வரி வேற.

என்ன ஆர்வத்தைக் கண்டாங்க இவங்க? எல்லாரும் சொல்றதைத்தானே நானும் சொன்னேன். அதை நிஜம்னு எடுத்துக்கற மடச்சி ஒருத்தி இருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாயைக் காட்டினவன் நகரத்துல உக்காந்துப்பான். பிள்ளையை மறைச்ச நான் —

வேண்டாம். மேவ் உள்ளே புரண்டு படுக்கிறாள். கை என் காதைத் தேடிக்கொண்டிருக்கும்.

நவம்பர் 15

ஷெல்பி.

"இது வளர்ச்சிக்கான வாய்ப்பு, ட்ரீனா!"

"எனக்கு ரெண்டரை வயசுப் பிள்ளை இருக்கு."

"அதை நேர்காணல்ல சொன்னியா?"

"நீங்கதானே சொல்ல வேணாம்னீங்க."

"சொல்லணும்னு கட்டாயமில்லைன்னுதான் சொன்னேன்."

இந்த முறை அவளிடம் ஆச்சரியக்குறி இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி விதியைப் படித்துக் காட்டினாள். பின்வாங்கினால் பருவம் தோல்வி. என் கணக்கில் ஏற்கெனவே ஒரு இறக்கம் இருக்கிறது. படித்து முடித்துவிட்டு, பிளாஸ்டிக் செடிக்கு இலை துடைத்தாள்.

நவம்பர் 17

டுவேன் போனில்.

"கேண்டர்ல என் அக்கா வீட்டுல விடலாமே மேவை. நாலு மாசம்தானே."

"தானேவா? அவ உன் அக்காவைப் பாத்ததே ரெண்டு தடவை."

"வேற என்ன வழி சொல்லு. நான் வேலையை விட்டா வீட்டுத் தவணை யாரு கட்டறது?"

"நாலு மாசம் அவளை விட்டுட்டுப் போன்னு எவ்வளவு சுலபமாச் சொல்றே!"

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம்.

"நான் போகலையா, ட்ரீனா?" என்றான். "ஒவ்வொரு தடவையும் விட்டுட்டுத்தானே வர்றேன். வீட்டுக்கு வந்தா அவ எங்கிட்ட ஒட்டறதுக்குள்ள பாதி வாரம் போயிடுது. ஒட்டினதும் கிளம்பிடறேன்."

அவன் போய்வருவதை யாரும் ஏனென்று கேட்பதில்லை. நான் கேட்டிருக்கிறேனா?

நவம்பர் 22

ஜேரட்டிடம் போய் நின்றேன். இந்த நிலைமைக்கு வந்துவிட்டேன்.

கொட்டகையில் வண்டியின் அடிப்பாகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். காரணத்தைச் சொன்னேன். வாயைப் பிளந்தான்.

"மார்லீன்கிட்ட பிள்ளையைப் பத்திச் சொல்லவே இல்லையா நீ? ஏன் அம்மணி?"

"யாரும் சொல்ல மாட்டாங்கடா அப்படி."

"நான் நாயையே சொன்னேனே."

அறையலாம் போல இருந்தது. ஆனால் அவன் அரத்தைக் கீழே வைத்தான். "சரி, நான் போறேன். டஃபியை நீ வெச்சுக்குவியா? அங்க கால்நடை டாக்டர் கிடையாது. மாத்திரையை வெண்ணெய்ல உருட்டிக் குடுத்தா ஒருவேளை உங்கிட்டயும் முழுங்குவான்."

"மேவ் கடிப்பாளே."

"பரவால்ல. டஃபிக்குப் பல்லே இல்ல, சண்டை வராது."

சிரிக்கவில்லை அவன். வாயைத் திறந்து அந்த நாயை எனக்குக் கொடுத்துவிட்டான், உயிரைக் கொடுக்கிற மாதிரி. ஒழுங்காக நன்றி சொல்லக்கூட எனக்கு வரவில்லை. "மார்லீன்கிட்ட கேக்கறேன்"னு முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 26

மார்லீனைப் பார்த்துவிட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

"மாத்திக்கணுமா? எதுக்கு?"

"எனக்குக் குழந்தை இருக்கு. ரெண்டரை வயசு."

மோதிரம் தட்டுவது நின்றது. "ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?"

"அது இப்ப எப்படித் தெரியும்? பிள்ளை இருக்கான்னு நான் கேக்கக் கூடாது, சட்டம். நீயாச் சொல்லணும். நீ எங்க வேணும்னாலும் வர்றேன்னே. அந்தப் பையன் நாய்க்கு மாத்திரை குடுக்கணும்னான். நான் என்ன செய்யட்டும், நாயை அனுப்பட்டுமா?"

"ஜேரட் போறேன்னு சொல்றான்."

"ஜேரட் தங்கமான பையன். அவன்கிட்டயும் அந்தக் கல்லு கேள்வியைக் கேட்டேன். 'ஒப்பந்தக்காரரோட உக்காந்து பேசிப் பாப்பேன்'னான். அங்க வேலையை எடுத்திருக்கிறவன் ராண்டல். அவன் இவனுக்கு ஒரு டீ போட்டுக் குடுத்து, நாயைப் பத்தி அன்பா விசாரிச்சு, பொழுது சாயறதுக்குள்ள துறை பூராக் கூழாங்கல்லை ரொப்பிடுவான். நீ பதில் சொன்னப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? யாரோ நாறின மீனை உன் தட்டுல வெச்ச மாதிரி. நேர்காணல் பூரா அப்படித்தான் உக்காந்திருந்தே. நான் பேசினப்பவும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எனக்கு அங்க அந்த மூஞ்சிதான் வேணும்," என்றாள். "ஏப்ரல்ல அந்தத் துறை மேல ஜனங்க நிக்கணும்."

"பிள்ளையை விட்டுட்டு நாலு மாசம் என்னால போக முடியாது."

"விட்டுட்டுப் போன்னு சொன்னது யாரு?"

"முகாம்ல பிள்ளையை விட மாட்டாங்களே."

"அது முகாம் இல்லம்மா, ஊரு. வீடு எடுத்து வெச்சிருக்கோம், ரெண்டு படுக்கையறை. கடலோரத்துலயும் பொம்பளைங்க பிள்ளை பெத்துக்கறாங்க. நகரத்துக்காரி உனக்கு ஆச்சரியமா இருக்கா? கூட்டிட்டுப் போ. இல்ல, முடியாதுன்னா இப்பவே சொல்லு. பல்கலைக்கழகத்துக்கு உன்னைப் பத்தி மோசமா ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஆனா நாய்க்காரனை அங்க அனுப்ப மாட்டேன்."

வெளியே வந்து, காற்றில் தொப்பி பறந்து போனதுகூடத் தெரியாமல் நடந்தேன்.

எப்படித் தோன்றாமல் போனது? வேலைக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் பெட்டி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். அப்பா அப்படிப் போனார். அம்மா அப்படிப் போனாள். டுவேன் போகிறான். முகாமில் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆகவே எந்த வேலைக்குப் போனாலும் பிள்ளை வாசலில் நிற்கும் என்றே எடுத்துக்கொண்டேன். விடுவதா, போகாமல் இருப்பதா — இந்த இரண்டைத் தவிர வேறு ஒன்றை நானும் யோசிக்கவில்லை, டுவேனும் யோசிக்கவில்லை, விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்த ஷெல்பியும் யோசிக்கவில்லை. மூன்று பேருக்குமாகச் சேர்த்து ஒரு மூளை இருந்திருக்கலாம்.

நவம்பர் 30

சுலபமாகச் சொல்லிவிட்டாள் மார்லீன், கூட்டிக்கொண்டு போ என்று. மேவுக்கு மாதம் ஒரு தடவை காதில் சீழ் வைக்கிறது. பனிக்கட்டி அடைத்தால் படகு ஓடாது. அங்கே செவிலியர் மட்டும்தான், அதுவும் வாரத்தில் சில நாள். நடு ஜனவரியில் காய்ச்சல் ஏறினால்?

ஆனால் இங்கே ஏறும்போதும் நான் தனியாகத்தானே இருக்கிறேன்.

டுவேனிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். "அப்ப என்னோட ஒரு வாரத்துக்கு நானும் அங்கயே வந்துடறேன்," என்றான். "மீன் பிடிக்கலாம்." குரல் மாறியிருந்தது. அழுதானா என்று கேட்கவில்லை.

டிசம்பர் 4

மார்லீனிடம் சரி என்று சொல்லிவிட்டேன். மேவோடு.

ஷெல்பிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என்னையும் மேவையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துத் பல்கலைக்கழகச் செய்திமடலில் போட வேண்டுமாம். "எவ்வளவு பேருக்கு உத்வேகமா இருக்கும் தெரியுமா!" வேண்டாம் என்றேன். நாலு மாதம் நான் தூங்காததை அவள் உத்வேகமாக விற்க வேண்டாம்.

டிசம்பர் 9

கடைசித் தேர்வு. குழாயில் தண்ணீர் சரியான பக்கம் போனது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 13

ஸ்னெல் கோவ் ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருக்கிறாராம். மார்லீன் பெயரும் முகவரியும் கொடுத்தாள். சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்ததெல்லாம் பயோடேட்டா. 'ஆற்றல் மிக்க, சமூகத்தோடு எளிதில் பழகும் குழந்தை' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு முழுவதையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

திருமதி எஃபி ரைடவுட் அவர்களுக்கு, வணக்கம். உங்கள் ஊர்ப் படகுத்துறை வேலையை மேற்பார்வை பார்க்க ஜனவரி முதல் வாரம் வருகிறேன். நான் இன்னும் மாணவிதான். மார்லீன் ஹைன்ஸ் உங்களைக் கேட்கச் சொன்னார். என் மகள் மேவும் என்னோடு வருகிறாள். பகலில் அவளை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா?

அவளுக்கு இரண்டரை வயது. கடிப்பாள், பெரும்பாலும் பாடுகிறவர்களை. மீனைத் தொட மாட்டாள். காதுவலி அடிக்கடி வரும். வலி வந்தால் சொல்ல மாட்டாள், மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்படி உட்கார்ந்தால் உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்கள், துறையில் எந்த வேலை நடந்துகொண்டிருந்தாலும் சரி. மதியம் தூங்க உங்கள் காதுமடலைக் கேட்பாள். முதல் சில நாள் நான் கிளம்பியதும் அழுவாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்பதை என்னிடம் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

படகு ஓடாத நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்? எனக்கு எதுவும் தெரியாது. நான் நகரத்தில் வளர்ந்தவள்.

இன்னொன்று. கல் சரியில்லை என்றால் திருப்பி அள்ளச் சொல்லத்தான் என்னை அனுப்புகிறார்கள். ஊரில் யாருக்கும் என்னைப் பிடிக்காமல் போகலாம். ராண்டல் உங்களுக்குச் சொந்தமாக இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்படியே இருந்தாலும் மேவை வைத்துக்கொள்வீர்களா?

முடியாது என்றாலும் முடியாது என்றே எழுதுங்கள், நான் வேறு யாரையாவது கேட்க வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.